தசை வளர்க்கும் ஊசியும் அதன் விலையும்

தண்டால், பஸ்கி, பின்னர் பாலும் பாதாமும் நெய்யும் - தில்லியிலும் அரியானாவிலும் மல்யுத்தக் கூடங்கள் தலைமுறை தலைமுறையாக உடலை வளர்த்த முறை இதுவே. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் தோன்றியுள்ள உடற்பயிற்சிக் கூடங்களில் சேரும் இளைஞர் பலருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கேளிக்கை விடுதிக் காவலர், பயிற்சியாளர் முதலிய வேலைகளை நாடுவோருக்குப் பருத்த தோள்களே மூலதனம். ஏனையோரை ஈர்ப்பது திரைப்பட நாயகரின் தோற்றம். இந்த அவசரமே அனபாலிக் ஸ்டீராய்டுகளுக்குச் சந்தையை உண்டாக்கியிருக்கிறது. உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான மதிப்பீடு ஒன்றின்படி, ஆண்களில் சுமார் 6.4 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இவற்றைப் பயன்படுத்தியுள்ளனர். போட்டி வீரர்களைவிடப் பொழுதுபோக்காகப் பயிற்சி செய்வோரிடையே விகிதம் கூடுதலாகக் காணப்பட்டது.

ஆஸ்துமாவுக்கும் மூட்டு அழற்சிக்கும் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு; இது வேறு. ஆணின் விதைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் 1935-இல் பிரித்தெடுக்கப்பட்டது. நான்ட்ரோலோன், ஸ்டானோசோலோல், மெத்தான்டியெனோன் ஆகியவை அதைத் தழுவிச் செயற்கையாக உருவாக்கப்பட்டவை. ஹார்மோன் குறைவுள்ள நோயாளிக்கு வாரத்திற்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் போதுமானது. உடலழகுக்காக எடுத்துக்கொள்வோர் அதைப்போல் பல மடங்கை, அதுவும் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து, செலுத்திக்கொள்கின்றனர்.

இவற்றால் பயனில்லை என்று கூறுவது உண்மைக்குப் புறம்பானது. 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வாரம் 600 மில்லிகிராம் வீதம் 10 வாரம் டெஸ்டோஸ்டீரோன் பெற்றுப் பயிற்சியும் செய்தோருக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 6 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாதோருக்கும் சுமார் 3 கிலோ கூடியது. கண்ணாடி முன் நிற்கும் இளைஞனிடம் ‘பயனில்லை’ என்றால், அடுத்துச் சொல்லும் எச்சரிக்கையையும் அவன் நம்பமாட்டான். பலன் சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிகிறது. கேடோ ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் ஓசையின்றி வருகிறது. சிக்கலின் வேர் இந்தக் கால இடைவெளியில்தான் இருக்கிறது.

உடலில் நேரும் கேடு

வெளியிலிருந்து ஹார்மோன் வந்து குவியும்போது, மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திவிடுகிறது. விதைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைகிறது, சிலருக்கு அறவே இல்லாது போகிறது. மருந்தை நிறுத்திய பின் இயல்பு நிலை திரும்பச் சில மாதங்களோ, ஓராண்டுக்கு மேலோ ஆகலாம். முழுமையாகத் திரும்பாதோரும் உண்டு. ஆண்மையின் அடையாளமாகக் கருதி எடுத்துக்கொண்ட மருந்து மகப்பேற்றைத் தடுப்பது ஒரு முரண். மிகுதியான டெஸ்டோஸ்டீரோனின் ஒரு பகுதி பெண்மை ஹார்மோனாக மாறுவதால் ஆணுக்கு மார்பு வளர்வதும் உண்டு. பெரிதாகிவிட்டால் அறுவை சிகிச்சையே வழி. வளர்பருவச் சிறுவர்களின் எலும்பு முனைகள் முன்கூட்டியே மூடிக்கொள்வதால் உயரம் தடைப்படுகிறது. பெண்களுக்குக் குரல் தடித்துவிட்டால் அது பெரும்பாலும் மீள்வதில்லை.

உயிருக்கு ஆபத்தானது இதயத்தின் நிலையாகும். நன்மை தரும் கொழுப்பு குறைந்து தீமை தருவது கூடுகிறது. சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடிக்கிறது. இதயத் தசையும் தடித்து, அதன் இறைக்கும் ஆற்றல் குன்றுகிறது. 2017-இல் வெளியான ஆய்வில் 140 எடைப்பயிற்சியாளர் சோதிக்கப்பட்டனர். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்த விகிதம், ஸ்டீராய்டு எடுக்காதோருக்குச் சராசரி 63 சதவீதமாகவும், நீண்டகாலம் எடுத்தோருக்கு 52 சதவீதமாகவும் இருந்தது. மாத்திரைகளால் கல்லீரலுக்கும், பொது ஊசியால் எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை வைரஸ்களுக்கும் இடமுண்டு.

சட்டமும் சந்தையும்

மருந்துகள் விதிகளின் எச் அட்டவணையில் இவை இடம்பெற்றுள்ளன. மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது. ஆயினும் பயிற்சியாளரே ஆலோசகராகவும் விற்பனையாளராகவும் இருக்கும் கூடங்களில் சீட்டு எங்கிருந்து வரும்? வாங்குவோனுக்குப் பொருளைப் பற்றி ஏதும் தெரியாது. விற்போனுக்கு அதைச் சொல்லும் அக்கறையில்லை. குதிரைகளுக்குப் பயன்படும் போல்டெனோன்கூட மனித உடலுக்குள் செல்கிறது. புரதப் பொடிகளில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கலாகாதென உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறினும், கள்ளச் சந்தைப் புட்டியில் உள்ளது இன்னதென்பதற்கு உறுதியில்லை.

2022-ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் போட்டி வீரர்களைக் கருதி இயற்றப்பட்டது. மாலை வேளையில் எடை தூக்கும் கல்லூரி மாணவனையோ கடை ஊழியனையோ அதன் சோதனை எட்டுவதில்லை. அவனைப் பொறுத்தவரை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் விற்பனையிடத்தில் செய்யும் ஆய்வே பயன் தரும். கூடங்களுக்கு உரிமம் வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள், வளாகத்தில் மருந்து விற்கலாகாது என்பதை நிபந்தனையாக்குவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்போர் தாமாகத் திடீரென நிறுத்தினால் கடும் மனச்சோர்வு நேரக்கூடும். தற்கொலை எண்ணமும் தோன்றலாம். எனவே மருத்துவரின் கண்காணிப்பில் விடுவதே முறை. இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, சிவப்பணு அளவு, கல்லீரல் நிலை ஆகியவற்றை அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். எந்த மருந்தை, எத்தனை மாதம், எவ்வளவு எடுத்தார் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் இதய ஸ்கேனும் ஹார்மோன் சோதனையும் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய இயலும்.