வேலூர் வட்டாரத்தில் உண்ணிக்காய்ச்சல்

உண்ணிக்காய்ச்சல் என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணி கடிப்பதால் மனிதருக்கு வரும் பாக்டீரியா நோய் ஆகும். மருத்துவர்கள் இதனை ஸ்க்ரப் டைபஸ் என்று அழைக்கின்றனர். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மழைக்காலத்திலும் அதைத் தொடரும் குளிர்மாதங்களிலும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் விலை குறைந்த மாத்திரையால் குணமாகும். காலம் தாழ்த்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாக முடியும். கடித்த இடத்தில் வலி இல்லாததால் பலருக்குத் தம்மை உண்ணி கடித்ததே தெரிவதில்லை. இந்நோயில் காலம் தாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயரால் வரும் குழப்பம்

பேச்சு வழக்கில் உண்ணி என்றால் மாடு, ஆடு, நாய் ஆகியவற்றின் காதிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருக்கும் உயிரியே நினைவுக்கு வரும். உண்ணிக்காய்ச்சலைப் பரப்புவது அது அன்று. இரண்டும் எட்டுக்கால் பூச்சி இனத்தோடு தொடர்புடையவை, ஆயினும் வெவ்வேறானவை.

மாட்டுண்ணி கண்ணுக்குத் தெரியும். கையால் பிடித்து எடுக்கலாம். உண்ணிக்காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணியின் குஞ்சு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அளவே உடையது. ஊசிமுனை அளவு செம்மஞ்சள் புள்ளி போல இருக்கும். "மாட்டுக் கொட்டகைப் பக்கமே போகவில்லை, எனக்கு எப்படி உண்ணிக்காய்ச்சல் வரும்?" என்று நோயாளிகள் வியப்பதற்கு இந்தப் பெயர்க் குழப்பமே காரணம்.

நோய்க்கிருமியும் சிற்றுண்ணியும்

இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் ஓரியன்சியா சுட்சுகாமுசி. இது உயிரணுக்களுக்குள் மட்டுமே வாழ்ந்து பெருகக்கூடியது. இதனைச் சுமந்து திரிவது லெப்டோட்ராம்பிடியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிற்றுண்ணி.

இச்சிற்றுண்ணியின் வாழ்வில் முட்டை, இளவுயிரி, இளம்பருவம், முதிர்பருவம் என்னும் நிலைகள் உள்ளன. இவற்றுள் ஆறு கால்கள் கொண்ட இளவுயிரி மட்டுமே விலங்குகளையும் மனிதரையும் கடிக்கிறது. எட்டுக் கால்கள் பெற்ற பிறகு மண்ணிலேயே வாழ்ந்து, சிறு பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்கிறது. இளவுயிரி இரத்தம் குடிப்பதில்லை. தோலைக் கரைக்கும் உமிழ்நீரைச் செலுத்தி, கரைந்த திசு நீரை உறிஞ்சுகிறது. அப்போது கிருமி உடலுக்குள் செல்கிறது.

தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குக் கிருமி போய்ச் சேர்கிறது. ஆகவே சிற்றுண்ணியே கிருமியின் நிலையான இருப்பிடமாகவும் அமைகிறது. எலிகள் இச்சிற்றுண்ணிகளுக்கு உணவு தந்து அவற்றை இடம்விட்டு இடம் கொண்டு செல்கின்றன. ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்கு இந்நோய் தொற்றாது. நோயாளியைத் தொடுவதாலோ அவருடன் உணவு உண்பதாலோ அச்சம் இல்லை.

வேலூர் வட்டாரத்தில் நோய்

அடர்ந்த காட்டுக்குள் சென்றால்தான் இந்நோய் வரும் என்பது தவறான எண்ணம். வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், சீமைக்கருவேலம் மண்டிய ஏரிக்கரை, வீட்டுப் பின்புறத்துப் புதர், கேட்பாரற்றுக் கிடக்கும் காலிமனை ஆகிய எல்லாம் சிற்றுண்ணிக்கு ஏற்ற இடங்களே. பாலாற்றங்கரை ஊர்களிலும், ஜவ்வாதுமலை, ஏலகிரி ஆகியவற்றின் அடிவாரங்களிலும் இத்தகைய புதர் நிலம் ஏராளம். ஆடு மேய்ப்போர், புல் அறுப்போர், விறகு பொறுக்குவோர், களை எடுப்போர் ஆகியோர் இவ்விடங்களில் அன்றாடம் உட்கார்ந்து எழுகின்றனர். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரிலும் பலர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருபவர்களே. விடுமுறை நாளில் நிலத்து வேலைக்குச் செல்லும் அவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இந்நோய் பற்றிய ஆய்வில் முக்கிய இடம் வகிக்கிறது. 2001 அக்டோபர் முதல் 2002 பிப்ரவரி வரை அங்குச் சிகிச்சை பெற்ற 28 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை, தென்னிந்தியாவில் குளிர்மாதங்களில் இந்நோய் பரவுவதை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

பின்னர் இக்கல்லூரியும் இலண்டன் ஆய்வாளர்களும் இணைந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000க்கு மேற்பட்ட மக்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2025இல் வெளியான அதன் முடிவுகளின்படி, ஆண்டுதோறும் மக்களில் பத்தில் ஒருவர் வரை இக்கிருமியின் தொற்றுக்கு ஆளாகின்றனர். அவர்களுள் சிறு பகுதியினருக்கே காய்ச்சல் வருகிறது. ஆனால் அப்படி வரும் காய்ச்சல் சிலருக்குக் கடுமையாகி, உயிரிழப்பும் நேர்ந்தது.

அறிகுறிகள்

சிற்றுண்ணி கடித்து ஏறத்தாழ 6 முதல் 21 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். கடும் காய்ச்சல், குளிர், தலைவலி, உடல்வலி, நெறிகட்டுதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். சிலருக்கு வாந்தி, இருமல், தோலில் தடிப்பு ஆகியவையும் தோன்றும். மூச்சுத்திணறல், மனக்குழப்பம், சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை ஆகியவை நோய் முற்றியதைக் காட்டும். உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் டெங்கு, டைபாய்டு ஆகியனவும் பரவுகின்றன. டெங்குவில் குறைவதுபோல் இந்நோயிலும் இரத்தத் தட்டணுக்கள் குறையலாம். எனவே அறிகுறிகளை மட்டும் வைத்து இந்நோயைப் பிரித்தறிவது கடினம்.

கருந்தழும்பு

நோயைக் காட்டிக்கொடுக்கும் சிறந்த அடையாளம் கடித்த இடத்தில் உண்டாகும் கருந்தழும்பு. முதலில் சிறு கொப்புளமாகத் தோன்றி, பிறகு நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து காணப்படும். சிகரெட் சுட்ட வடுப்போல இருக்கும். பெரும்பாலும் வலியோ அரிப்போ இராது.

இத்தழும்பு ஆடையால் மூடிய, மடிப்பான இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, மார்பின் அடிப்பகுதி, இடுப்பில் ஆடை இறுகும் இடம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் ஆகிய இடங்களைத் தேடிப்பார்க்க வேண்டும். கூச்சத்தால் நோயாளி காட்டாமலும், நேரமின்மையால் மருத்துவர் பாராமலும் விடுபட்டுப்போவது உண்டு. பெண்களுக்கு வீட்டுப் பெண்கள் ஒருவரும், குழந்தைகளுக்குத் தாயும் பார்த்துச் சொல்வது பெரிதும் உதவும்.

எல்லா நோயாளிகளுக்கும் இத்தழும்பு தோன்றுவதில்லை. ஆகவே தழும்பு இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

கண்டறிதலும் சிகிச்சையும்

இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காணும் ஐ.ஜி.எம். எலைசா சோதனையும், கிருமியின் மரபுப்பொருளைக் காணும் பி.சி.ஆர். சோதனையும் பயன்படுகின்றன. பழைய வெயில்-பெலிக்ஸ் சோதனை பலருக்கு நோயைக் காட்டத் தவறும். எதிர்ப்பொருள் உருவாகச் சில நாட்கள் ஆகும் என்பதால், ஐயம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவர்.

டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவை இந்நோய்க்குரிய மருந்துகள். கருவுற்ற பெண்களுக்குப் பொதுவாக அசித்ரோமைசின் தரப்படுகிறது. தக்க மருந்து தொடங்கியபின் பலருக்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் தணியும். பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுத்துச் செயல்படுபவை; அவை இக்கிருமியை அழிப்பதில்லை. எனவே காய்ச்சலுக்கு ஓர் ஊசி, ஏதோ ஒரு மாத்திரை என்று நான்கைந்து நாட்களைக் கழிப்பது ஆபத்தானது. மருந்தைக் கடையில் தாமாக வாங்கி உண்பதும் கூடாது.

நோய் முற்றியவர்களுக்கு எந்த மருந்து சிறந்தது என்பதை அறிய, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. இரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகச் செலுத்துவது, ஏதேனும் ஒன்றை மட்டும் தருவதைவிடச் சிறந்தது என்று 2023இல் வெளியான அதன் முடிவு காட்டியது.

மாட்டுண்ணியும் தோல் தொழிலும்

கண்ணுக்குத் தெரியும் மாட்டுண்ணியும் தீங்கற்றது அன்று. கால்நடைக்கு இரத்தச்சோகையையும் காய்ச்சலையும் தருகிறது. சில வகை உண்ணிகள் மனிதரைக் கடித்து இந்திய உண்ணி டைபஸ் என்னும் வேறொரு காய்ச்சலைப் பரப்புகின்றன. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயும் உண்ணியால் பரவுவதே. அது வைரசால் வருவது.

தோல் பதனிடும் தொழிலுக்கும் உண்ணி பகை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆலைகளுக்கு வரும் தோலில், உண்ணி கடித்த இடம் பச்சைத்தோலாக இருக்கும்போது முடியில் மறைந்திருக்கும். சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை நீக்கியபின் சிறு குழிகளும் வடுக்களுமாக மேற்பரப்பில் வெளிப்படும். பதனிட்டாலும் அவ்வடு மறையாது. அத்தகைய தோல் தரம் தாழ்ந்து குறைந்த விலைக்குப் போகும். மாட்டின் உண்ணியை அகற்றுவது அதன் நலனுக்கும் பாலுக்கும் தோலின் விலைக்கும் நன்மை தரும்.

ஒட்டிய உண்ணியை அகற்றும் முறை

உண்ணி மனிதர் உடலில் ஒட்டியிருந்தால், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, சுண்ணாம்பு தடவுவது ஆகியவை கூடா. எடுத்த உண்ணியை விரலால் நசுக்கக்கூடாது. கடித்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, நாளைக் குறித்துவைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக்கு இம்முறை பயன்படாது. சோப்புத் தேய்த்துக் குளிப்பதே அதற்கு வழி.

தடுப்பு

- புதர், புல்வெளிகளில் செல்லும்போது முழுக்கைச் சட்டை, முழுக்கால் ஆடை, மூடிய காலணி அணிதல்.
- வெறும் புல்லில் உட்காராமலும் படுக்காமலும் இருத்தல், விரிப்பைப் பயன்படுத்துதல்.
- துவைத்த துணியைப் புல், புதர் மீது உலர்த்தாமல் கொடியில் போடுதல்.
- வேலை முடிந்து வந்ததும் சோப்பிட்டுக் குளித்து, உடை மாற்றுதல். வேலை உடையோடு உறங்காதிருத்தல்.
- டீட் கலந்த பூச்சிவிரட்டியைத் தோலில் பூசுதல்.
- வீட்டைச் சுற்றியுள்ள புதர்களை வெட்டி, குப்பை சேராமல் பார்த்து, எலிகளைக் கட்டுப்படுத்துதல்.
- திறந்தவெளியைத் தவிர்த்துக் கழிப்பறையைப் பயன்படுத்துதல்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. வெளியே சென்று வந்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், வயலுக்கோ புதர்ப்பக்கமோ சென்றதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். கருந்தழும்பு இருந்தால் அதையும் காட்ட வேண்டும். இவ்விரு செய்திகளும் மருத்துவருக்கு முதல் நாளிலேயே வழிகாட்டும்.