ஏழு நாட்கள் எரிந்த தாங்கி: வெப்பவுள்ளுறை சொல்வதும் சொல்லாததும்

பாலையூற்றில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் அவர்களது மகள் கேட்டாள்: "மாமா, எரியேக்க வெப்பம் வருகுது. பிறகேன் வெப்பவுள்ளுறை மாற்றத்துக்கு மறைக்குறி போடுறாங்கள்?"

விடை சொல்ல சீனக்குடாவைத்தான் காட்டினேன்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின்மீது விமானமொன்று விழுந்தது. அந்தத் தாங்கி ஏழு நாட்கள் எரிந்ததாக இங்கு சொல்வார்கள்.

எண்ணெய் எரியும்போது அதிலுள்ள காபனும் ஐதரசனும் ஒட்சிசனுடன் சேர்கின்றன. பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவரும் எனப் பலர் நினைக்கிறார்கள். உண்மை மறுதலை. உடைக்கச் சக்தி செலவாகும். காபனீரொட்சைட்டிலும் நீரிலும் புதிய பிணைப்புகள் உண்டாகும்போதே சக்தி வெளிவரும். இங்கு செலவைவிட வரவு அதிகம். மிச்சம் வெப்பமாகச் சூழலுக்குப் போகிறது. எரியும் பொருட்கள் அதை இழப்பதால் மறைக்குறி.

எவ்வளவு இழப்பு? ஒரு கிலோ உலையெண்ணெய் சுமார் 40 மெகாயூல் தரும். 10,000 தொன் எரிந்தால் 40 கோடி மெகாயூல். ஹிரோஷிமா குண்டின் சக்தியைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு! ஆனாலும் திருகோணமலை அழியவில்லை.

காரணம் வேகம். வெப்பவுள்ளுறை "எவ்வளவு" என்று சொல்லும். "எவ்வளவு விரைவாக" என்று சொல்லாது. ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்து சுமார் 4 மெகாயூல்தான் தரும். காய்ந்த விறகு 16 தரும். ஆனால் டிஎன்டி வெடிக்க வெளிக்காற்று தேவையில்லை, கணத்தில் முடிந்துவிடும். எண்ணெயோ, மேற்பரப்பில் அதன் ஆவி காற்றைச் சந்திக்கும் இடத்தில் மட்டுமே எரியும். அதற்கும் முதலில் ஏவற்சக்தி வேண்டும். அன்று அதைக் கொடுத்தது அந்த விமானம்.

2022 ஜனவரியில் இந்தத் தாங்கிகளைப் பற்றி இலங்கையும் இந்தியாவும் புதிய உடன்படிக்கைகள் செய்தன. யாருக்கு எத்தனை தாங்கி என்பதே பெரிய பேச்சாக இருந்தது. சுற்றியிருக்கும் நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: எண்ணெய்க்கும் நெருப்புக்கும் இடையில் என்ன இருக்கிறது? தடுப்புச்சுவர், நுரைத் தீயணைப்பு, குடிமனைகளுக்கான தூரம்?

எண்ணெயின் வெப்பவுள்ளுறையை எந்த உடன்படிக்கையாலும் குறைக்க முடியாது. தீப்பொறியையும் பரவும் வேகத்தையும்தான் மனிதரால் தடுக்க முடியும்.