முகரோமமும் மின்னூசியும்

வாய்விட்டுச் சொல்லப்படாத துயரங்கள் சில நம் இல்லங்களில் உண்டு. மோவாயிலும் மேலுதட்டிலும் ரோமம் வளரக் கண்ட பெண், கதவைத் தாழிட்டுக் கண்ணாடிமுன் கழிக்கும் நேரம் அவற்றுள் ஒன்று. நம் பாட்டிமார் மஞ்சளையும் கடலை மாவையும் நம்பினர். ஆயினும் வேரூன்றிய ரோமத்தை அவை ஒழிப்பதில்லை.

வேரையே அழிக்கும் முறை 1875-இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், உள்நோக்கி வளர்ந்து கண்ணை உறுத்தும் இமைமயிரை மின்சாரத்தால் அகற்றியதை அவ்வாண்டில் எழுதினார். மயிர்க்காலினுள் செலுத்தும் நுண்ணிய ஊசி, மின்கலத்தின் எதிர்முனையுடன் இணைந்திருக்கும். நேர்முனை உடலின் வேறிடத்தில் ஈரத்துடன் படிந்திருக்கும். ஒரு மில்லி ஆம்பியரிலும் குறைந்த மின்னோட்டம் பாய்ந்ததும், அங்குள்ள உப்பும் நீரும் மாறிக் காஸ்டிக் சோடா துளியளவு பிறக்கிறது. சவர்க்காரம் காய்ச்ச உதவும் அக்காரமே ரோமத்தின் வேரைக் கரைக்கிறது. லேசர் ஒளி கருநிறத்தைப் பற்றியே வேலை செய்வதால் நரைத்த ரோமத்துக்குப் பயன்படாது, மின்னூசிக்கு நிறபேதமில்லை.

இதனை வீட்டிலேயே பழகலாமா என வினவும் சகோதரிகள் உளர். செலவும் கூச்சமும் அவ்வினாவுக்குக் காரணங்கள். பழகலாம், ஆனால் பொறுமையில்லாதவர் தொடுதல் தகாது. மின்கலத்தால் இயங்கும் கருவியே வேண்டும்; வீட்டு மின்சாரத்தை அணுகவே கூடாது. முனைகள் மாறினால் ஊசியின் உலோகம் கரைந்து தோலில் கருவடு பதியும். முதற்பயிற்சி முகத்திலன்று, காலில் நடக்கட்டும். நல்ல விளக்கும் பெருக்காடியும் அவசியம். ஊசி புதியதாய், கிருமி நீக்கியதாய் இருத்தல் வேண்டும். ரோமம் சாய்ந்துள்ள திசையிலேயே அது தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும்; தடை தோன்றின் வழி தவறிற்று என்றறிக. ரோமத்தைப் பிடுங்காதீர்கள்; வேர் கரைந்திருப்பின் தானே நழுவி வரும். எல்லா ரோமங்களும் ஒரே காலத்தில் வளர்வதில்லை. ஆதலால் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.

நம் மாநிறத் தோலில் சிறு புண்ணும் கறுத்து நிற்கக்கூடும். தழும்பு தடித்து வளரும் இயல்பினரும், நீரிழிவு உடையோரும், கருவுற்றோரும், இதயத்தில் மின்கருவி பொருத்தியோரும் வீட்டில் முயலலாகாது. மச்சத்தின்மேல் வளரும் ரோமத்தையும் தாமே தொடவேண்டா.

அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. முகரோமத்துடன் மாதவிலக்கும் ஒழுங்கு தவறினால், சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு காரணமாகலாம். குரல் தடித்து, ரோமம் விரைவாய்ப் பெருகுமானால் தாமதம் கூடவே கூடாது. ஊசிக்குமுன் மருத்துவரை நாடுவதே முறை.

உற்றார் அருகில்லாத அயலூரில், மகள் இதைச் சொல்லத் தாயன்றி வேறு யாருளர்? அவள் வாய் திறக்குமுன் நாமே பரிவுடன் கேட்போமாக. ரோமம் வளர்வது உடலின் செயல், அவள் குற்றமன்று.