பாலம் அங்கேயே இருந்தது, அக்கா மட்டும் வெளிநாட்டவர் ஆனார்

ஆகஸ்டு 31 நமக்குத் தேசிய தினம். செப்டம்பர் 16 மலேசிய தினம். ஆகஸ்டு 9? ஜொகூர் பாருவில் யாரைக் கேட்டாலும், “சிங்கப்பூரில் விடுமுறை, பாலத்தில் நெரிசலாக இருக்கும்” என்பார்கள். சில மாதங்களுக்கு முன்புவரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்காக, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தபோது மக்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று கட்டுரை எழுத வேண்டியிருந்தது. வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த பாட்டி, “என்ன பாப்பா படிக்கிற?” என்று கேட்டார்.

“ஒரு நாடு மத்த நாடுங்களோட சேர்ந்து இருந்துச்சு பாட்டி. அப்புறம் பிரிஞ்சு போச்சு. அதப்பத்தி ஜனங்க என்ன நெனச்சாங்கன்னு எழுதணும்.”

“சிங்கப்பூரா?” என்றார் பாட்டி.

பிரிட்டனைப் பற்றி ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிங்கப்பூர் என் நினைவுக்கே வரவில்லை.

வாக்களித்த மறுநாள்

பிரிட்டன் கதை நம்மில் பலருக்குத் தெரியும். 2016 ஜூன் 23ஆம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் வெளியேற வேண்டும் என்றார்கள். 48.1 விழுக்காட்டினர் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். பவுண்டின் மதிப்பு 1985ஆம் ஆண்டுக்குப் பிறகு காணாத அளவுக்குச் சரிந்தது. ஒரு தரப்பினர் நாட்டை மீட்டுவிட்டதாகக் கொண்டாடினார்கள். இன்னொரு தரப்பினர் மறு வாக்கெடுப்பு கோரி மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டியது.

இந்தக் கணக்குகளுக்கு நடுவே என்னை நிறுத்தியது ஜிப்ரால்டர் என்ற சிறிய ஊர். ஸ்பெயினின் தென்கோடியில் இருக்கும் பிரிட்டிஷ் நிலப்பகுதி அது. அங்கே ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் வெளியேற வேண்டாம் என்று வாக்களித்தார்கள். காரணம் எளிது. எல்லைக்கு அந்தப் பக்கம் லா லீனியா என்ற ஸ்பானிய ஊர் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் எல்லையைக் கடந்து ஜிப்ரால்டருக்கு வேலைக்கு வருகிறார்கள். எல்லை இறுகினால் இரண்டு ஊருக்கும் கஷ்டம். ஆனால் லா லீனியாவில் வாழும் ஸ்பானியத் தொழிலாளிக்கு அந்தத் தேர்தலில் வாக்கே இல்லை. அவருடைய வேலையைப் பற்றிய முடிவை வேறு யாரோ எடுத்தார்கள்.

இதைப் படித்தபோது, இது நம்ம ஊர்க் கதை மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது.

ஒரே நாளில் முடிந்த பிரிவு

1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவை சேர்ந்து மலேசியா உருவானது. அதற்கு முந்தைய ஆண்டு, 1962 செப்டம்பர் 1ஆம் தேதி, சிங்கப்பூரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்குச் சீட்டில் மூன்று தேர்வுகள். மூன்றுமே எந்த நிபந்தனையில் இணைவது என்பதைப் பற்றியவை. ‘இணைய வேண்டாம்’ என்று சொல்ல இடமில்லை. அரசு முன்வைத்த தேர்வுக்குச் சுமார் 71 விழுக்காடு வாக்குகள் கிடைத்தன. ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போட்டார். ஜொகூரில் இருந்தவர்களிடம் அந்தக் கேள்விகூடக் கேட்கப்படவில்லை.

சேர்ந்து வாழ்ந்தது 23 மாதங்களுக்கும் குறைவு. வரி வருமானத்தைப் பங்கிடுவதில் சச்சரவு, பொதுச் சந்தை பற்றிய கருத்து வேறுபாடு, இரு தரப்புக் கட்சிகளும் ஒன்று மற்றொன்றின் களத்தில் போட்டியிட்டதால் வந்த பகை, 1964இல் சிங்கப்பூரில் இருமுறை வெடித்த இனக் கலவரம் என்று கசப்பு வளர்ந்தது.

1965 ஆகஸ்டு 9, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு சிங்கப்பூர் வானொலி பிரிவினையை அறிவித்தது. அதே வேளையில் கோலாலம்பூரில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் அதற்கான தீர்மானத்தை முன்வைத்தார். ஆதரவாக 126 வாக்குகள். எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. ஆனால் அம்னோவின் தலைமைச் செயலாளராக இருந்த சையது ஜாஃபர் அல்பார், வாக்களிக்காமல் அவையை விட்டு வெளியேறினார். அவருக்கு இந்த முடிவில் உடன்பாடு இல்லை.

பிரிட்டனில் மக்கள் வாக்களித்தபின் வெளியேற மூன்றரை ஆண்டுகள் ஆயின. 2020 ஜனவரி 31ஆம் தேதிதான் அது நடந்தது. இங்கே மக்களுக்குச் செய்தி தெரிந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது.

சிங்கப்பூரின் சைனாடவுனில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். அன்றே தொலைக்காட்சியில் பிரதமர் லீ குவான் இயூ பேச முடியாமல் கண்ணீர் விட்டதைப் பலர் பார்த்தார்கள். பிரிவினை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முதலில் மறுத்த அமைச்சர்களில் ஒருவர் தமிழர், எஸ். இராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். கையெழுத்திட்டால் வளர்ந்த ஊர் அந்நிய மண்ணாகிவிடும். கடைசியில் அவரும் கையெழுத்திட்டார். புதிய நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரும் அவரே ஆனார்.

தோட்டத்துக்கு வந்த செய்தி

அப்போது பாட்டிக்குப் பதினைந்து வயது. உலு திராம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடும்பம் இருந்தது. அவருடைய மூத்த அக்கா கல்யாணமாகி சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் இருந்தார். அக்கா கணவருக்கு அங்கே வேலை. பாட்டி இன்றும் ‘நேவல் பேஸ்’ என்றுதான் சொல்வார்.

“எங்களுக்குச் சாயந்தரந்தான் தெரியும். கிராணி ஐயா வந்து சொன்னாரு, சிங்கப்பூரு இனிமே வேற நாடுன்னு. எங்கம்மா ஒண்ணுதான் கேட்டாங்க, ‘அப்ப எம்பொண்ணு?’ன்னு. அவருக்குப் பதில் தெரியல.”

“நீங்க என்ன நெனச்சீங்க பாட்டி?”

“நான் என்ன நெனக்கிறது? அடுத்த வாரம் பஸ் ஏறிப் போனோம். பாலம் அங்கேயேதான் இருந்துச்சு. அக்கா வீடும் அங்கேயேதான் இருந்துச்சு. எங்கேயும் போகாமலே அக்கா வெளிநாட்டுக்காரி ஆயிட்டா.”

1924இல் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பிரிவினைக்குப் பிறகும் கொஞ்ச காலம் மக்கள் பழையபடியே போய் வந்தார்கள். 1967இல்தான் கடப்பிதழ் தேவைப்பட்டது. அதே ஆண்டில் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. பாட்டி பிரிவை உணர்ந்தது அப்போதுதான். தமிழ்நாட்டில் பிறந்து கப்பலில் வந்த அவருடைய அம்மாவிடம் பிறப்புச் சான்றிதழே இல்லை. அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது போய்ப் பார்க்கத் தாள்கள் தயாராகவில்லை. பேரனைக் கையில் வாங்கியபோது அவனுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பிரிக்க முடியாதவையும் இருந்தன. 1962இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் தண்ணீர்வரை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் 2061வரை செல்லும். 1965 பிரிவினை ஒப்பந்தம் இதற்கு உத்தரவாதம் அளித்தது. நாடு இரண்டானது, தண்ணீர்க் குழாய் ஒன்றாகவே இருந்தது.

மீண்டும் மூடிய பாலம்

பிரிவினை 1965இல் முடிந்துபோன சங்கதி என்று நாம் நினைக்கிறோம். கோவிட் காலம் அப்படியில்லை என்று காட்டியது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. தினமும் லட்சக்கணக்கானோர் கடக்கும் பாலம் வெறிச்சோடியது. வேலைக்காக அந்தப் பக்கம் தங்கியவர்கள் பல மாதம் வீடு திரும்பவில்லை. சாலை எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான்.

இடையில், 2021இல், செம்பவாங் பெரிய பாட்டி காலமானார். நாங்கள் இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் பார்த்தோம். பாட்டி திரையைத் தொட்டுக் கும்பிட்டார். ஸ்துலாங் கடற்கரையில் நின்றால் அக்கரையின் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் ஒரு கைப்பிடி வாய்க்கரிசி போட முடியவில்லை.

ஈரோட்டிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வர முடியாமல் போனால் தூரத்தைக் காரணம் சொல்லலாம். இங்கே தூரம் காரணமில்லை. நடுவே இருந்தது நாடாளுமன்றத்தில் ஒரே நாளில் நிறைவேறிய அந்த முடிவுதான்.

அந்த முடிவு தவறு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கலவரம் பெருகி இன்னும் பல உயிர்கள் போயிருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. அது வரலாற்று மாணவர்கள் விவாதிக்க வேண்டியது. நான் சொல்ல வருவது வேறு. ஒரு நாடு பிரியும்போது தலைநகரங்களின் எதிர்வினைதான் செய்தியாகிறது: பட்டாசு, கண்ணீர், பங்குச் சந்தை. எல்லையோரத்தில் இருப்பவரின் எதிர்வினை மெதுவாக, பல ஆண்டுகள் கழித்து, ஒரு கடப்பிதழ் வரிசையில் வெளிப்படுகிறது. அதை யாரும் எண்ணுவதில்லை.

எங்கள் வீட்டு வாக்கெடுப்பு

இப்போது அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது. அண்ணன் சிங்கப்பூரில் தொழில்நுட்பராக வேலை செய்கிறார். அதிகாலை நான்கரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார். அங்கே ஒரு வெள்ளி இங்கே மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். 1973வரை இரண்டும் ஒரே மதிப்பில் மாறிக்கொண்டிருந்தன என்றால் நம்பவே முடியாது. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், பின்னாளில் குடியுரிமை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அண்ணன் சொன்னார். மலேசியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. அதை எடுத்தால் இதை விட வேண்டும்.

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அம்மா, “சம்பளம் நல்லா இருக்குன்னா போகட்டுமே” என்றார். நான் கோபப்பட்டேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நான்கு பேர் இருக்கும் வீட்டிலேயே ஒருமித்த முடிவு இல்லை. ஒரு நாட்டில் 52க்கு 48 என்று வந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நம் தலைமுறைக்குப் பாட்டி தலைமுறைக்கு இல்லாத வாய்ப்பு ஒன்று உண்டு. 18 வயதிலேயே வாக்குரிமை 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. 18 வயது இளைஞர்கள் முதன்முதலாக வாக்களித்த தேர்தல், 2022 மார்ச்சில் நடந்த நம் ஜொகூர் மாநிலத் தேர்தல்தான். பிரிட்டனில் இளையோரில் பெரும்பாலானோர் ஒன்றியத்தில் இருக்கவே விரும்பினார்கள் என்று கருத்துக்கணிப்புகள் காட்டின; ஆனால் அவர்களில் பலர் அன்று வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. முடிவு வந்தபின் வருந்தி என்ன பயன்? நம்மிடம் கேட்கும்போது பதில் சொல்லப் பழகுவோம். யாரிடம் கேட்கவில்லை என்பதையும் கவனிப்போம்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் ரயில் பாதை 2026 இறுதிக்குள் தயாராக வேண்டும் என்பது திட்டம். அது ஓடினால் அண்ணன் இங்கிருந்தே நிம்மதியாகப் போய் வரலாம் என்று அப்பா நம்புகிறார். அண்ணன் இன்னும் முடிவெடுக்கவில்லை.

போன வாரம் அவர் பாட்டியிடமே நேராகக் கேட்டார். “நீங்க சொல்லுங்க பாட்டி. போகட்டுமா, வேணாமா?”

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“போறதும் இருக்கிறதும் உன் இஷ்டம்யா. ஆனா நீ கேட்ட பாரு, அது போதும். அன்னிக்கு எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல.”