கண்ணுக்குள் ஓர் ஏரி



கண்ணீர் என்ற சொல்லை அறியாதார் இல்லை. துயரத்திலும் மகிழ்ச்சியிலும் இமையோரத்தில் திரண்டு கன்னத்தில் வழியும் நீர் அது. ஆனால், கண்ணின் உள்ளேயே மற்றொரு நீர் உண்டு. அது வெளியே வழிவதில்லை; பிறர் பார்வைக்குப் புலப்படுவதும் இல்லை. இதனை மருத்துவர்கள் 'கண்நீர்' என்று பிரித்துச் சொல்லுவார்கள். இந்நீரின் வரவும் செலவும் ஒத்திருக்கும் வரையில் கண் நலமாக இருக்கும். செலவு குன்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை நலியச் செய்யும். இந்த நோய்க்குக் கண்நீர் அழுத்த நோய் என்று பெயர். கிளாக்கோமா என்பதும் இதுவே.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நடைபெறும் கண் பரிசோதனை முகாம்களில் நான் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இராமாநுசர் பிறந்த தலம் என்று பன்னூறு ஆண்டுகளாகப் பெயர் பெற்ற இவ்வட்டாரம், இன்று தொழிற்சாலைகளின் வரிசையாலும் அறியப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றைத் தொடர்ந்தும் சுற்றியும் உதிரிப் பாகங்கள் செய்யும் பட்டறைகள் பல எழுந்தன. ஆயினும் அம்மண்ணின் பழைய செல்வமாகிய ஏரிகள் இன்னமும் இருக்கின்றன. அவ்வேரிகளைக் கொண்டே இந்நோயை விளக்கலாம்.

செம்பரம்பாக்கம் ஏரியை எண்ணிப் பாருங்கள். வரத்துக் கால்வாய் வழியே நீர் வந்து சேர்கிறது. மதகின் வழியே வெளியேறுகிறது. மதகு அடைபட்டால் கரையின் மீது நீரின் பாரம் மிகும். கண்ணின் முற்பகுதியும் இத்தகைய ஒரு சிறிய ஏரியே. கருவிழித் திரையின் பின்புறத்தில் உள்ள ஓர் உறுப்பு இடையறாது நீரைச் சுரக்கிறது. அதன் அளவு நிமிடத்துக்கு இரண்டு முதல் இரண்டரை மைக்ரோலிட்டர்தான். ஒரு மில்லிலிட்டர் சுரப்பதற்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும்! அந்நீர் பாவையின் வழியாக முன்னறைக்கு வருகிறது. இரத்தக் குழாய்களே இல்லாத விழிவில்லைக்கும், முன்புறத்துக் கண்ணாடிப் படலத்துக்கும் உணவூட்டுகிறது. பின்பு, படலமும் திரையும் சந்திக்கும் கோணத்தில் அமைந்த சல்லடை போன்ற திசுவின் வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. வரவும் செலவும் ஒத்த கண்ணில் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும்.

ஏரிக்குக் கலங்கல் உண்டு. மிகுந்த நீர் அதன் மேல் வழிந்துவிடும். கண்ணுக்குக் கலங்கல் இல்லை. ஆகவே, மிகுந்த அழுத்தம் முழுவதும் கண்ணின் உட்சுவரைத் தாக்குகிறது. பார்வை நரம்பு கண்ணை விட்டு மூளை நோக்கிப் புறப்படும் இடமே அச்சுவரில் மெலிந்த பகுதி. ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு இலட்சம் நுண்ணிழைகள் அங்கே ஒரு கற்றையாகக் கூடுகின்றன. அழுத்தத்தால் அவ்விழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. மடிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. இந்நோயினால் இழந்த பார்வையை எம்மருந்தாலும் மீட்க இயலாது என்பதற்குக் காரணம் இதுதான். சிலருக்கு அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் நரம்பு நலிவதுண்டு. அவர்களுடைய நரம்புக்கு அந்த அளவே மிகுதி என்று கொள்ள வேண்டும்.

நோயில் இரு பெரும் வகைகள் உள்ளன. மதகின் வாய் திறந்தே இருந்து, உள்ளே வண்டல் படிந்தாற்போல் சல்லடை அடைபடுவது ஒரு வகை. இதனைத் திறந்த கோண வகை என்பர். மற்றொன்று, கருவிழித் திரையே முன்வந்து மதகின் வாயை மூடிவிடும் மூடிய கோண வகை. பின்னது சிலருக்குத் திடீரென்று தோன்றும். கண் சிவந்து கடுமையாக வலிக்கும், தலை பிளப்பது போலிருக்கும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். தலைவலி என்றும் பித்தம் என்றும் எண்ணி ஓரிரவு பொறுத்திருப்பதும் பேராபத்து. சில மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடைய வேண்டும்.

திறந்த கோண வகையோ சந்தடியின்றி வருவது. வலியில்லை, சிவப்பில்லை. முதலில் குறைவது பக்கப் பார்வைதான். ஒரு கண் காணாத இடத்தை மறு கண் நிரப்பிவிடுகிறது. எஞ்சிய குறையை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. நேர்ப்பார்வை கடைசி வரையில் கூர்மையாக இருப்பதால், தமக்கு ஒரு நோய் உண்டென்றே பலர் அறிவதில்லை.

இது வெறும் ஊகமன்று. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் அடுத்தடுத்து அமைந்த கிராமங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 3,924 பேரைச் சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சிக் குழுவினர் பரிசோதித்தனர். அதன் முடிவு 2005-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் 64 பேருக்குத் திறந்த கோண நோய் இருந்தது. அந்த அறுபத்து நால்வருள், தமக்கு நோய் உண்டென்று முன்பே அறிந்திருந்தவர் ஒரே ஒருவர்! மற்ற அறுபத்து மூவரும் ஒன்றும் அறியாமலே வயலுக்கும் வேலைக்கும் போய் வந்துகொண்டிருந்தவர்கள்.

அறியாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. முதியவர் ஒருவருக்குப் பார்வை மங்கினால், "கண்புரைதான், முற்றட்டும், எடுத்துக்கொள்ளலாம்" என்று வீட்டார் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். கண்புரை என்பது விழிவில்லை மங்குவது. அறுவைக்குப் பின் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். கண்நீர் அழுத்த நோயில் காத்திருந்த நாள் எல்லாம் இழந்த நாளே. மேலும், அளவுக்கு மீறி முற்றிய புரையே கண்ணின் அழுத்தத்தை உயர்த்திவிடுவதும் உண்டு.

தொழிற்சாலைப் பகுதியில் இந்நோய்க்குத் தனியே இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று, கண்ணில் படும் அடி. தெறித்த இரும்புத் துண்டோ, நழுவிய கருவியோ கண்ணில் பலமாகத் தாக்கினால், கோணத்தில் உள்ள சல்லடை கிழிபடலாம். காயம் ஆறிவிடும், அடி மறந்துவிடும், பல ஆண்டுகள் கழித்து அந்தக் கண்ணில் அழுத்தம் ஏறும். தொழிற்சாலைகளுக்கென 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் 35-ஆம் பிரிவு கண்களின் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்வோரைக் காணும்போதெல்லாம் அப்பிரிவு என் நினைவுக்கு வரும்.

மற்றொரு வாயில் மருந்துக் கடை. தூசியாலும் புகையாலும் கண் சிவந்து அரித்தால், மருத்துவரைக் காணாமலே ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொள்ளுகிறார்கள். சிவப்பு உடனே தணிகிறது. ஆகவே மீண்டும் மீண்டும் வாங்குகிறார்கள். அம்மருந்து சிலருடைய கண்ணில் சல்லடையின் வடிகாலைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்திவிடும்.

முகாம் ஒன்றுக்கு வந்த தொழிலாளி ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். வயது நாற்பத்தாறு, கிரைண்டிங் பிரிவில் வேலை. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரையில் தடையின்றிப் படித்தார். "பிறகு எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டேன். "இடப்பக்கம் வரும் தள்ளுவண்டி தெரியாமல் இரண்டு முறை மோதிக்கொண்டேன், ஐயா" என்றார். சோதித்தபோது இரு கண்களிலும் அழுத்தம் முப்பதைத் தாண்டியிருந்தது. இடக்கண்ணின் பக்கப் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளாகக் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஊற்றி வந்திருக்கிறார்!

நோயை விளக்கியதும் அவர் கேட்ட கேள்வி பார்வையைப் பற்றியதன்று. "இது தெரிந்தால் என் வேலை போய்விடுமா, ஐயா? பெண் கல்லூரியில் படிக்கிறாள்" என்றார். மறைத்து வைத்தால் வேலையோடு பார்வையும் போகும் என்றும், எஞ்சிய பார்வையைக் காத்தால் செய்வதற்குரிய வேலை உண்டு என்றும் எடுத்துச் சொன்னேன். வண்டிகள் ஓடும் இடத்தில் நிற்கலாகாது என்று சான்றும் எழுதிக் கொடுத்தேன். அமர்ந்து செய்யும் பரிசோதனைப் பணி அவருக்குக் கிடைத்தது. ஸ்டீராய்டை நிறுத்தித் தக்க மருந்து தொடங்கிய சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. போன பார்வை திரும்பவில்லை. இருந்த பார்வை நின்றது. இந்நோய் குடும்பவழியாகவும் வருவது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இருந்தால், ஒருவருக்கு வரும் வாய்ப்பு பன்மடங்கு மிகுதி. எனவே அவருடைய தம்பியை அழைத்துவரச் சொன்னேன். தம்பிக்கும் நோய் தொடங்கியிருந்தது. ஆனால் பார்வை ஏதும் இழக்குமுன் சிகிச்சை தொடங்கிவிட்டோம்.

இனி, சிகிச்சையைப் பார்ப்போம். எல்லாச் சிகிச்சைகளுக்கும் நோக்கம் ஒன்றே: அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய நரம்பைக் காப்பது. ஏரியின் பாரத்தைக் குறைக்க என்ன செய்வோம்? வரத்தைக் குறைப்போம், மதகைச் செப்பனிடுவோம், இயலாவிடில் புதுக் கால்வாய் வெட்டுவோம்.

முதலாவது, சொட்டு மருந்துகள். டிமலால் போன்றவை நீர் சுரப்பதைக் குறைக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை ஆகா. லாட்டனோபிராஸ்ட் போன்றவை, வழக்கமான மதகையன்றி வேறு வழியாகவும் நீர் வடியச் செய்கின்றன. அவற்றை நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவில் விட்டால் போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது. ஷிப்டு மாறி மாறி வேலை செய்வோர்க்கு நேரம் தவறுவது எளிது. அத்தகையோர் தம் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொல்லி, எல்லா ஷிப்டுக்கும் பொருந்தும் ஒரு வேளையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பார்வை தெளிவாகத்தான் இருக்கிறதே என்று மருந்தை நிறுத்துவதே பலருக்குக் கேடாக முடிகிறது.

இரண்டாவது, லேசர். மூடிய கோண வகையில் கருவிழித் திரையில் ஒரு நுண்துளை இட்டு நீருக்கு வழி செய்கிறார்கள். திறந்த கோண வகையில் சல்லடையின் மீதே லேசரைச் செலுத்தி வடிகாலைத் தூண்டுகிறார்கள். 2019-ஆம் ஆண்டில் வெளியான இங்கிலாந்து நாட்டு ஆய்வு ஒன்றில், முதற்சிகிச்சையாக இந்த லேசரைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர், மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் சொட்டு மருந்தின்றியே இருந்தனர்.

மூன்றாவது, அறுவை. இதன் வரலாற்றில் நம் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் நிலையம். அதன் தலைவராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட், 1909-ஆம் ஆண்டில், கண்ணின் வெள்ளைப் பகுதியும் முன்படலமும் கூடும் விளிம்பில் ஒரு சிறு வட்டத் துளையிட்டு நீரை வடிக்கும் முறையைக் கையாளத் தொடங்கினார். அம்முறையும், அதற்கென அவர் வகுத்த துளைக்கருவியும் உலகெங்கும் பரவின. ஆயினும், முழுத்துளையின் வழியே சில வேளை நீர் மிகுதியாக வடிந்தது. கிருமிகள் புகவும் இடமிருந்தது. 1968-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரைச் சார்ந்த கேர்ன்ஸ், துளையின் மேல் கண்ணின் திசுவாலேயே ஒரு மூடி அமைக்கும் முறையை வெளியிட்டார். மதகுக்குக் கதவிட்டது போன்றது இது. இன்று பெரிதும் செய்யப்படும் அறுவை இதன் வழிவந்ததே. அதுவும் பயன்படாத கண்களில் நுண்குழாய் பொருத்துகிறார்கள். அத்தகைய குழாய்களுள் ஒன்றை மதுரை ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் செய்து தருகிறது.

இவற்றுள் எது சிறந்தது என்று நீங்கள் வினவலாம். நோயின் வகை, நரம்பின் நிலை, வயது, செலவு, தொடர்ந்து வரக்கூடிய வசதி ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவர் முடிவு செய்வார். எந்தச் சிகிச்சையாயினும் வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு வேண்டும்.

மாணவர்களே, எழுத்துப் பலகையைப் படித்துவிட்டால் கண்ணில் குறையில்லை என்று கருதாதீர்கள். கண்ணின் அழுத்தம், கோணம், பார்வை நரம்பு, பக்கப் பார்வை ஆகிய நான்கையும் சோதிப்பதே முழுச் சோதனை. வலி தராத சோதனைகள்தாம் இவை. உங்கள் வீட்டில் நாற்பதைக் கடந்த தந்தையோ தாயோ இருப்பார்கள். ஷிப்டு முடிந்து களைத்து வரும் சிற்றப்பாவோ மாமாவோ இருப்பார். தமக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்றே அவர்கள் சொல்லுவார்கள். அதனைக் கேட்டு வாளாவிராமல், அடுத்த விடுமுறை நாளில் அவர்களை அருகிலுள்ள கண் மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் எவருக்கேனும் இந்நோய் இருந்தால், நாற்பது வயதுக்குக் காத்திராமல் நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள்.