நீல டிக்கும் பதிலுக்கான காத்திருப்பும்: உரையாடல் செயலிகளை விட முடியாதது ஏன்?

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக். படிக்கப்பட்டால் அவை நீலமாக மாறும். 2014 நவம்பரில் வந்த இந்தச் சிறிய வசதி பல வீடுகளில் புதிய கேள்வி ஒன்றை எழுப்பியது: “பார்த்துவிட்டார், ஏன் பதில் போடவில்லை?”

கடிதக் காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. பதில் வரவில்லை என்றால் தபால்காரர்மீது பழி போட்டுவிடலாம். இன்று, பழி நேராக உறவின்மீது விழுகிறது.

பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறார்கள் என்பது சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் குறை. அப்படிக் குறை சொல்லும் பெரியவர்களில் சிலர் காலை ஆறு மணிக்கே ஐந்து குழுக்களுக்குப் பூப்படத்துடன் வணக்கம் அனுப்பிவிடுகிறார்கள் என்பது வேறு கதை. இரு தரப்பினரையும் கைப்பேசியிடம் இழுப்பது பெரும்பாலும் ஒன்றுதான். யாராவது தங்களை நினைத்தார்களா என்று அறியும் ஆவல் அது.

இந்த ஆவல் பழக்கமாவதற்கு மனவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில், ஒவ்வொரு முறையும் தீனி கிடைப்பதைவிட எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் அவை விடாமல் முயன்றன. பத்து முறை திறந்தால் ஒருமுறை நல்ல செய்தி இருக்கும். அது எந்த முறை என்று தெரியாததால் பதினோராவது முறையும் விரல் போகிறது.

ஆனால், எல்லாரிடமும் கைப்பேசி இருக்க, சிலரால் மட்டும் அதைக் கீழே வைக்க முடியாதது ஏன்?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிரௌட் தலைமையிலான குழு, பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேரை அவர்கள் இணையத்துக்குப் புதிதாக வந்த காலத்தில் கவனித்தது. 1998ல் வெளியான முடிவு பலரைத் திகைக்கவைத்தது. பிறருடன் பேசுவதற்காகவே இணையத்தை நாடியவர்களிடம்கூட, பயன்பாடு கூடியபோது வீட்டில் பேச்சு குறைந்தது. தனிமை உணர்வு சற்றுக் கூடியது.

அதே குழு 2002ல் வெளியிட்ட தொடர் ஆய்வு அந்த முடிவைத் திருத்தியது. முதலில் தென்பட்ட பாதிப்பு பெரும்பாலும் மறைந்திருந்தது. வேறொரு தொகுதியினரிடம், கலகலப்பாகப் பழகுவோருக்கும் உற்றார் ஆதரவு உள்ளோருக்கும் இணையம் நன்மை தந்தது. ஒதுங்கிப் பழகுவோருக்கும் ஆதரவு குறைந்தோருக்கும் நிலைமை மோசமானது. முதல் ஆய்வு இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இந்தத் திருத்தம் அந்த அளவு பேசப்படுவதில்லை.

நேரில் பேசத் தயங்குவோருக்குத் திரை ஒரு பாதுகாப்பு. எழுதியதை அழிக்கலாம், யோசித்துப் பதில் சொல்லலாம், முகம் சிவப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். நேரடிப் பேச்சைவிட இணையப் பேச்சையே ஒருவர் விரும்பத் தொடங்குவதுதான் சிக்கலின் வாசல் என்று ஸ்காட் கேப்லன் என்ற ஆய்வாளர் 2003ல் எழுதினார். திரையில் பழகப் பழக நேரில் பேசும் பயிற்சி குறைகிறது. பயிற்சி குறையக் குறைய திரையே வசதியாகிறது.

சமூகக் காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. அத்தை மகன் பிறந்தநாளுக்குக் குடும்பக் குழுவில் நாற்பது பேர் வாழ்த்தியிருக்க, ஒருவர் மட்டும் மௌனமாக இருந்தால் அது கவனிக்கப்படும். தனி உரையாடலில் நீல டிக்கை நிறுத்தி வைக்கலாம். குழுவில் அந்த வசதி வேலை செய்யாது. குழுவை விட்டு விலகினால், கோபித்துக்கொண்டதாகவே பொருள் கொள்வார்கள். ஆசையால் மட்டுமல்ல, மரியாதைக்காகவும் கைப்பேசியைத் திறந்துகொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

வெளிநாட்டு ஊழியர்களின் கதை இன்னும் வேறு. தமிழ்நாட்டில் இரவு 9 மணி என்றால் இங்கு 11.30. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, மனைவி வேலை ஒழிந்து, காணொளி அழைப்பில் உட்காரும்போது, விடுதியில் இருப்பவருக்குத் தூங்க வேண்டிய நேரம் கடந்துவிடுகிறது. விடிவதற்குமுன் வேலைக்குக் கிளம்பும் ஊழியர் அதில் இழப்பது தூக்கத்தை. அதைப் ‘போதை’ என்று சொல்வது அநியாயம். அந்த ஒரு மணி நேரம்தான் அவருடைய குடும்ப வாழ்க்கை.

ஆக, மணிக்கணக்கை மட்டும் வைத்து யாரையும் எடைபோட முடியாது. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை நீங்கலாக நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான திரை நேரத்தைப் பரிந்துரைக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளில் 2026 ஜனவரி முதல் இடைவேளை உட்பட பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்கு அனுமதியில்லை. வளரும் வயதினருக்கு இத்தகைய எல்லைகள் தேவைதான். ஆனால், பள்ளி விட்டதும் மாணவர் யாருடைய பதிலுக்காகப் பதறுகிறார் என்பதை விதிமுறை கண்டுபிடிக்காது. அதை வீட்டில்தான் கேட்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் மின்விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. உரையாடல் செயலிகளோ சமூக ஊடகமோ தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. எனினும், அந்தக் கோளாற்றுக்குச் சொல்லப்படும் மூன்று அடையாளங்கள் இங்கும் உதவும். நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, மற்ற வேலைகளையும் உறவுகளையும் அது பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் நேர்ந்த பிறகும் தொடர்வது. வகைப்பாட்டின்படி இவை வழக்கமாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். தேர்வு முடிந்த வாரத்தில் விடிய விடியப் பேசிய பிள்ளையைப் பார்த்து உடனே அஞ்ச வேண்டியதில்லை.

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது பல வீடுகளில் முதல் நடவடிக்கை. நண்பர்களோடு பேச வேறு வழியில்லாத பிள்ளைக்கு அது இருக்கும் ஒரே கதவையும் சாத்துவதாகிவிடும். இரவில் எல்லாருடைய கைப்பேசியும், பெற்றோருடையது உட்பட, கூடத்தில் மின்னூட்டத்தில் இருப்பது என்று வைத்துக்கொண்டால் சண்டை குறையும். குழுக்களின் அறிவிப்பொலியை நிறுத்தி வைக்கலாம், யாருக்கும் தெரியாது. ஊரில் உள்ளோருடன் பேசும் நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்து, வார நாள்களில் சற்று முன்னதாகவும் விடுப்பு நாளில் நீண்ட நேரமும் ஒதுக்கலாம்.

தூக்கம், படிப்பு, வேலை என ஏதாவது ஒன்று தொடர்ந்து கெடுகிறது என்றால் உதவி நாடலாம். அக்கம்பக்கக் குடும்பச் சேவை நிலையங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மனநலக் கழகத்தின் பழக்க அடிமைத்தனச் சிகிச்சைப் பிரிவு இணையப் பயன்பாடு தொடர்பான சிக்கல்களையும் கவனிக்கிறது. தேசிய மனநல உதவி எண் 1771ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.