கிடங்கில் உபரி, கடையில் நெரிசல்: சித்தூர் எல்லை காட்டிய கணக்கு

புது தில்லி: ஏப்ரல் 3-ஆம் தேதி வரை நடைபெற வேண்டிய நாடாளுமன்றப் பட்ஜெட் கூட்டத்தொடர், 2020 மார்ச் 23-ஆம் தேதியே ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி தொலைக்காட்சியில் தோன்றி, அன்று நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். உடனே பல நகரங்களில் மளிகைக் கடைகளின் முன் கூட்டம் திரண்டது. அத்தியாவசியப் பொருள்கள் கிடைக்கும், பதற வேண்டாம் என்று அவரே பின்னர் ட்விட்டரில் விளக்கம் அளிக்க நேர்ந்தது.

அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், மத்திய தொகுப்பில் 435 லட்சம் டன் உணவு தானியம் உபரியாக இருப்பதாக அப்போதைய உணவுத் துறை அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் கூறியிருந்தார். ஏப்ரல் 1-ஆம் தேதி இருக்க வேண்டிய இருப்பு வரம்பு சுமார் 210 லட்சம் டன்தான். ஆகவே, நாட்டில் அரிசியோ கோதுமையோ குறையவில்லை. மாநில எல்லைகளில் லாரிகள் நின்றுவிட்டன என்பதே சிக்கல். அத்தியாவசியப் பொருள், பிற பொருள் என்ற பாகுபாடின்றி எல்லாச் சரக்குப் போக்குவரத்தையும் அனுமதிக்குமாறு மாநிலங்களுக்கு உள்துறைச் செயலர் கடிதம் எழுதியது மார்ச் 29-ஆம் தேதி. ஊரடங்கு தொடங்கி ஐந்தாவது நாள் அது.

முந்திக்கொண்ட முடக்கம்: திருப்பதிக்கு ஊரடங்கு நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்பே வந்துவிட்டது. மார்ச் 20-ஆம் தேதி முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூன் 11-ஆம் தேதிதான் பொதுமக்களுக்கு மீண்டும் வழி திறந்தது. விடுதி ஊழியர், வாகன ஓட்டுநர், பூ விற்பவர், சிற்றுண்டிக் கடைக்காரர் எனப் பக்தர்களின் வருகையை நம்பியே வாழும் ஊர் அது. மற்ற ஊர்களில் மக்கள் பருப்பும் எண்ணெயும் வாங்கிக் குவித்தபோது, இங்கே பெருந்தொகையினருக்கு அன்றாட வருவாய் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. மாதச் சம்பளக்காரர் ஒரு மாதத்துக்கான மளிகையை ஒரே மாலையில் வாங்கிவிடலாம். அன்றன்று அரைக் கிலோ அரிசி வாங்குபவர், கடைக்கு மறுநாள் வரும்போது விலை ஏறியிருக்கும், சரக்கும் குறைந்திருக்கும். பீதியில் வாங்குவது என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, பீதியடைந்த எல்லோராலும் வாங்கிவிட முடிவதில்லை. திருமலை தேவஸ்தானம் வழங்கிய உணவுப் பொட்டலங்களை நம்பியே பல குடும்பங்கள் அந்த வாரங்களைக் கடந்தன.

ஆந்திர அரசு மார்ச் 29-ஆம் தேதியே இலவச ரேஷன் விநியோகத்தைத் தொடங்கியது. காய்கறிச் சந்தைகளைத் திறந்தவெளி மைதானங்களுக்குப் பிரித்து மாற்றியது. ஆனால், கடை திறக்கும் நேரத்தைக் குறைத்ததன் விளைவு வேறாக இருந்தது. நாள் முழுவதும் வரவேண்டிய கூட்டம் காலைப் பொழுதுக்குள் வந்து நெருக்கியது. இந்த எளிய கணக்கு ஆந்திரத்தில் மட்டுமல்ல, சென்னையிலும் கவனிக்கப்படவில்லை.

கோயம்பேடும் சுவரும்: சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று தமிழக அரசு அறிவித்தது. 25-ஆம் தேதி சனிக்கிழமை கடைகளில் அலைமோதிய கூட்டத்தைப் பார்த்து, திறந்திருக்கும் நேரத்தைப் பிற்பகல் 3 மணி வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கோயம்பேடு சந்தையில் கால் வைக்க இடமில்லை. அந்தச் சந்தை கரோனா பரவல் மையமாகி மே 5-ஆம் தேதி மூடப்பட்டது. அங்கு சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பியவர்கள் மூலம் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களில் தொற்று பரவியது. கடலூர், விழுப்புரம், அரியலூரிலும் இதே கதைதான். நான்கு நாளுக்கான காய்கறியைச் சேர்த்துவைக்க முனைந்த சென்னைவாசி, தக்காளி விளைவித்த சித்தூர்க்காரரின் ஊருக்கு நோயை அனுப்பிவைத்தார். இருவருக்குமே அது தெரியாது.

அதே ஏப்ரல் இறுதியில்தான், குடியாத்தம் - சித்தூர் சாலையில் சைனகுண்டாவிலும், பொன்னை அருகிலும் சாலையின் குறுக்கே வேலூர் மாவட்ட நிர்வாகம் சுவர் எழுப்பியது. காய்கறியும் பாலும், வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகளும் நாள்தோறும் கடந்துவந்த பாதைகள் உள்ள எல்லை அது. எதிர்ப்பு எழுந்ததும் ஓரிரு நாள்களில் சுவர்கள் அகற்றப்பட்டன. தொற்று ஏற்கெனவே கோயம்பேட்டில் இருந்தது.

அவை கூடியபோது: நாடாளுமன்றம் மீண்டும் கூடியது செப்டம்பர் 14-ஆம் தேதி. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் கிடையாது. பதுக்கலைத் தடுக்க அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தைப் பயன்படுத்துமாறு ஏப்ரல் 8-ஆம் தேதி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிய அதே மத்திய அரசு, அந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்தும் அவசரச் சட்டத்தை ஜூன் 5-ஆம் தேதி கொண்டுவந்தது. திருத்த மசோதா செப்டம்பர் 15-இல் மக்களவையிலும், எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த நிலையில் 22-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. தோட்டக்கலைப் பொருள்களின் சில்லறை விலை 100 சதவீதம் உயர்ந்தால் மட்டுமே இருப்புக்கு வரம்பு விதிக்கலாம் என்றது அது. விவசாயிகள் போராட்டத்தை அடுத்து, 2021 நவம்பரில் மற்ற இரு வேளாண் சட்டங்களுடன் இந்தத் திருத்தமும் திரும்பப் பெறப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

திருத்தம் இருந்தபோதும் சரி, போனபின்பும் சரி, சட்டத்தின் பார்வை வியாபாரியின் கிடங்கிலேயே இருக்கிறது. கடைக்குப் போகும் வழியும் நேரமும் அடைபடும்போது என்ன செய்வது என்பதை அது சொல்வதில்லை. பதற வேண்டாம் என்ற அறிக்கையை விட, கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கும் என்ற ஒரு வரி கூட்டத்தைக் குறைத்திருக்கும் என்றே தோன்றுகிறது.

2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது காட்சி தலைகீழானது. ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் கொள்முதல் செய்த தக்காளியை மத்திய அரசு ஜூலை 14 முதல் தில்லியில் கிலோ ரூ.90-க்கு விற்றது, வேன்களின் முன் மக்கள் வரிசையில் நின்றனர். ஆந்திர உழவர் சந்தைகளில் ரூ.50. ஆகஸ்டில் ஆம் ஆத்மி உறுப்பினர் ஒருவர் தக்காளி மாலை அணிந்து மாநிலங்களவைக்கு வந்தார். அவைத் தலைவர் வேதனை தெரிவித்தார். நேபாளத்தில் இருந்து தக்காளி இறக்குமதி தொடங்கியிருப்பதாக மறுநாள் மக்களவையில் நிதியமைச்சர் கூறினார். செப்டம்பரில் விலை சரிந்து, ஆந்திர விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டினர். அப்போது அவை மாலை எதையும் காணவில்லை.